இரவல் அபிப்பிராயம்

படம் முடிந்து விளக்கெல்லாம் எரிந்த பிறகும் எழுந்திருக்காமல், கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டு, வெளியேறும் கூட்டத்தின் முகங்களை ஓரக்கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளை நீங்கள் திரையரங்கில் கண்டிருப்பீர்கள். பாவம், எதையாவது தொலைத்துவிட்டாரோ என்று இரக்கப்பட்டும் இருப்பீர்கள். தொலைக்கவெல்லாம் இல்லை. தான் பார்த்த படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பதை அந்த முகங்களிலிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறார், அவ்வளவுதான். இந்த இனத்துக்கு இரவல் அபிப்பிராயக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதை எனக்கு நன்றாகவே தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று இதற்குத்தான் தலை வாரிவிடுகிறேன்.

இவர்களுக்குச் சொந்த உணர்ச்சி கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய உண்டு. சிரிப்பு வரும், ஆனால் முன்வரிசை சிரித்து அரை நொடி கழித்து வரும். அழுகை வரும், அதை இருமலாக மாற்றி வெளியே விடத் தெரியும். தூக்கமும் வரும். அதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை. சிக்கல் எல்லாம், "படம் எப்படி?" என்று யாராவது கேட்கும்போதுதான். "நீங்க பாத்தீங்களா?" என்று உடனே திருப்பிக் கேட்போம். பார்த்தேன் என்றால், "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்போம். பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால்தான் ஆபத்து. அப்போது நாமே ஏதாவது சொல்லியாக வேண்டுமே!

அதற்காகச் சில வாக்கியங்களைத் தயாராக வைத்திருக்கிறோம். "முதல் பாதி பரவாயில்ல, ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை." இது எந்தப் படத்துக்கும் பொருந்தும், யோசித்துப் பார்த்தால் எந்தக் கல்யாணத்துக்கும் பொருந்தும். "கேமரா நல்லா இருக்கு." கதையைப் பற்றி வாய் திறக்க விரும்பாதவர் சொல்வது. "ஒரு தடவை பாக்கலாம்." இரண்டு தடவை பார்க்கச் சொல்லி யார் இவரை வற்புறுத்தினார்கள்? "எல்லாருக்கும் புடிக்காது." சொன்னவருக்குப் பிடித்ததா என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கே தெரியாது.

இந்த இனத்தின் மூத்த உறுப்பினர்கள் வாக்கியத்தின் நடுவிலேயே திசை திருப்பக்கூடியவர்கள். "சூப்பரா..." என்று ஆரம்பிப்போம். எதிரில் நிற்பவரின் உதடு லேசாகச் சுழிக்கும். "...இருக்கும்னு நெனச்சுப் போனேன்" என்று முடித்துவிடுவோம். வண்டி ஒரு துளியும் குலுங்காது. ஒருமுறை பழைய வகுப்புத் தோழி ஒருத்தி, விவரமானவள், என்னை ஒரு படத்துக்கு அழைத்துப் போனாள். அதில் ஒருவர் பத்து நிமிடம் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பார். அதில் ஏழு நிமிடம் நான் தூங்கினேன். வெளியே வந்ததும் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மௌனம் உன்னை என்னடி பண்ணுச்சு?" என்று கேட்டாள். "இன்னும் அதுலேர்ந்து மீளல" என்றேன். கழுத்துச் சுளுக்கைச் சொன்னேன்.

எனக்குக் கூடுதல் வசதி ஒன்றும் உண்டு. இரண்டு மொழியில் படித்தவள். ஆகவே இரண்டு மொழியிலும் இரவல் வாங்குவேன். திரையரங்கின் படிக்கட்டில் இறங்கும்போதே கைப்பேசியில் ஓர் ஆங்கில விமர்சனத்தையும் ஒரு தமிழ் விமர்சனத்தையும் வாசித்துவிடுவேன். ஒரே காட்சியை ஆங்கிலத்தில் எழுதியவர் மிகை என்பார், தமிழில் எழுதியவர் நெகிழ்ச்சி என்பார். வீடு போய்ச் சேர்வதற்குள் இருவரும் என் தலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாதாடத் தொடங்கிவிடுவார்கள். உண்மையில் படத்தைப் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

என் அம்மா வேறு இனம். படம் முடியும்வரைகூடக் காத்திருக்க மாட்டாள். "அந்த டாக்டர் வரான் பாரு, அவன் நல்லவன் இல்ல. மூஞ்சியே சரியில்ல" என்பாள், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

"அம்மா, கொஞ்சம் மெதுவா."

"ஏன்டி, எனக்குத் தோணுறதைச் சொல்றதுக்கு நான் யாருக்கு மனு போடணும்?"

நான் அவளுக்குச் சம்பந்தமில்லாதவள்போல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் யாருக்கும் தீங்கில்லாத பழக்கம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன், ஒரு தகப்பன் இரண்டு வருடம் கழித்துத் தன் மகளுக்குப் போட இருந்த ஒரு போனை இந்தப் பழக்கம் தடுத்து நிறுத்தும்வரை. அதைத்தான் சொல்ல வந்தேன். நேராகச் சொல்ல வெட்கமாக இருந்ததால் இவ்வளவு நேரம் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசினேன்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். உள்ளே ஓர் இருட்டறை, ஒரு நாற்காலி, எதிரே எழுத்துகள் கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் ஒளிப்பலகை. வருகிறவரின் மூக்கில் கனமான சோதனை ஃபிரேம் ஒன்றை மாட்டி, அதில் லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாதிப் பேர் பலகையைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், சரியான விடை அங்கே எழுதியிருக்கிறதா என்று. இன்னும் சிலர் கெட்டிக்காரர்கள். வெளியே காத்திருக்கும்போதே முன்னால் போனவர் சத்தமாக வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கடைசி வரிவரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, எழுந்து போகும்போது கதவு என்று நினைத்துச் சுவரில் மோதுவார்கள். அவர்களைப் பார்த்து நான் மனதுக்குள் சிரிப்பேன். நானா? ஆம், நான்தான்.

கடையில் நாங்கள் நான்கு பேர். மேலாளர், முன்கூடத்தில் வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக்காட்டும் அக்கா, பின்னறையில் இயந்திரத்தில் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கும் லென்ஸ் அண்ணன், நான். திங்கட்கிழமை காலை அலமாரிகளைத் துடைத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தை அலசுவது வழக்கம். ஃபிரேம் அக்கா ஆரம்பிப்பார். மேலாளர் நக்கலடிப்பார். கடைசியில் நான், இருவர் சொன்னதையும் கலந்து, கொஞ்சம் நல்ல தமிழில், மெல்லிய குரலில் திருப்பிச் சொல்வேன். நான் அதிகம் பேசாதவள். அதிகம் பேசாதவர் எப்போதாவது பேசினால் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. உலகத்தின் கோளாறு அது, என்னுடையதல்ல. அந்த மதிப்பை மற்ற எல்லோரையும்விட அதிகமாக வைத்திருந்தவர் லென்ஸ் அண்ணன். "தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டு மொழி படிச்ச பொண்ணு" என்பார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கும் மனிதர். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன மகளோடு பேசாதவர். மகள் ஒருநாள் அதே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடுகிறது. உள்ளே அவள், வெளியே அவர். பழுதுபார்க்க ஆள் வரும்வரை இருபது நிமிடம், மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

நான் அழுதேன். இருமலாக மாற்ற முடியாத அழுகை. தனியாகத்தான் போயிருந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள், முன்பின் தெரியாதவர், தன் கைக்குட்டையின் நனையாத பாதியை என் பக்கம் நீட்டினார். கூச்சப்படாமல் வாங்கித் துடைத்தேன். படிக்கட்டில் விமர்சனம் வாசிக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தால் எழுத்து தெரியவில்லை. இரவல் வாங்காமல் நான் வீடு திரும்பிய ஒரே படம் அது.

விளைவு என்ன? திங்கட்கிழமை வெறுங்கையோடு கடைக்குப் போனேன்.

"லிஃப்ட் படம் பாத்தீங்களா?" என்று ஃபிரேம் அக்கா ஆரம்பித்தார். "அய்யோ, என்ன அழுகை! வர்றவன் அழறான், போறவன் அழறான், லிஃப்ட் ஒண்ணுதான் அழல."

"நானும் போனேன்" என்றார் மேலாளர். "படம் மேலயும் போகல, கீழயும் போகல. நடுவுலயே நின்னுடுச்சு." தன் நக்கலுக்குத் தானே முதலில் சிரிப்பவர் அவர். எனக்கு அதில் ஒரு சௌகரியம், எப்போது சிரிப்பது என்ற குழப்பம் இருக்காது. சிரித்தேன்.

"நீ பாத்தியா? நீ என்ன சொல்ற?" என்றார் அக்கா.

பின்னறையில் இயந்திரச் சத்தம் நின்றது. லென்ஸ் அண்ணன், பாதி தேய்த்த லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார். அவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. சிரித்த முகம் இரண்டு, சிரிக்காத முகம் ஒன்று. கணக்கு எளிது.

"கொஞ்சம் மிகைதான்" என்றேன். "அழ வைக்கணும்னே எடுத்த படம். விவரம் தெரிஞ்சவங்க யாரும் இதுக்கெல்லாம் அழ மாட்டாங்க. நிஜ வாழ்க்கையில யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

என்ன அழகான வாக்கியங்கள் என்று அப்போது எனக்கே பெருமையாக இருந்தது. லென்ஸ் அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். "அப்படித்தான் இருக்கும், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை அவர் மனைவி கண்ணைக் காட்ட வந்தார். வாசிக்கும்போது எழுத்து நெளிகிறது, தலை வலிக்கிறது என்றார். உட்கார வைத்து, சோதனை ஃபிரேமை மாட்டி, இடது கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடினேன்.

"இது தெளிவா இருக்கா அண்ணி, இதுவா?"

"நீயே சொல்லும்மா."

"நான் எப்படிச் சொல்றது? உங்க கண்ணாச்சே."

"என் கண்ணுதான். அதை நம்பி என்ன பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமை இதே கண்ணாலதான் ஒரு படம் பாத்தேன். நல்லா இருக்குன்னு நெனச்சேன். மறுநாள் எங்க வீட்டுக்காரர் வந்து, அது நல்லா இல்ல, தங்கச்சி சொல்லிடுச்சுன்னுட்டார்."

கையிலிருந்த லென்ஸைப் பெட்டியில் வைத்தேன். "அது வந்து, அண்ணி... ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு ரசனை..."

"இரு, நான் இன்னும் முடிக்கல. எங்க பொண்ணு விஷயம் உனக்குத் தெரியும்ல?"

தெரியும். கடையில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனவள். தகப்பனும் மகளும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் இருக்கும்போது நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இத்தனையும் தெரிந்திருந்தும் திங்கட்கிழமை எனக்கு உறைக்கவில்லை என்றால், அன்று என் கவலையெல்லாம் என் வாக்கியம் எப்படி வந்து விழுகிறது என்பதிலேயே இருந்ததுதான் காரணம்.

"படம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னோம்" என்றார் அண்ணி. "பஸ் வந்துச்சு, மனுஷன் ஏறல. அடுத்ததும் வந்துட்டுப் போச்சு. அப்புறம் சொல்றார், 'நாளைக்கு அவளுக்கு ஒரு போன் போடட்டுமா'ன்னு. ரெண்டு வருஷத்துல மொத தடவை. நான் மூச்சுகூட விடல, எங்க மனசு மாறிடுவாரோன்னு. கடைக்குப் போயிட்டு வந்து போடறேன்னார். வந்தார். 'சினிமாவப் பாத்து ஏமாந்துட்டோம். விவரம் தெரிஞ்சவங்க இதுக்கெல்லாம் அழ மாட்டாங்களாம். நிஜத்துல யாரும் இப்படிப் பேச மாட்டாங்களாம்'னு சொல்லிட்டு மூஞ்சி கழுவப் போயிட்டார்."

என் வாக்கியங்கள் ஒரு சொல்கூடக் குறையாமல் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

"நான் உன்னைத் திட்ட வரலம்மா. ஒரே ஒரு கேள்வி. நெஜமாவே உனக்கு அந்தப் படம் புடிக்கலையா?"

இப்போது என்ன செய்வது? கேட்பவரின் முகத்தைப் படித்து விடை சொல்லலாம் என்றால், முகத்தில் பாதியை ஃபிரேம் மறைத்திருந்தது. மிச்சமிருந்த ஒரு கண் என்னை அசையாமல் பார்த்தது. விமர்சனத்தைப் பார்க்கலாம் என்றால் கைப்பேசி வெளியே இருந்தது. கேமராவைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"அழுதேன் அண்ணி" என்றேன். "பக்கத்துல இருந்தவங்க கைக்குட்டைய வாங்கித் துடைச்சேன்."

"அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்ன?"

"அவங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க."

சொன்ன பிறகுதான் அந்தக் காரணத்தின் அளவு எனக்கே தெரிந்தது. எதிரே இருந்த பலகையின் கடைசி வரிகூட அதைவிடப் பெரியது.

அண்ணி கோபப்படவில்லை. "போய் அவர்கிட்டச் சொல்லு" என்றார். "தனியாக் கூப்பிட்டுக் குசுகுசுன்னு சொல்லாத. அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தான சொன்ன? இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் சொல்லு."

இருட்டறையிலிருந்து முன்கூடம் எட்டு அடி. அந்த எட்டு அடியில் நான் மூன்று காரணங்களும் ஒரு தலைவலியும் கண்டுபிடித்தேன். எதுவும் அண்ணியின் ஒற்றைக் கண்ணுக்கு முன் நிற்காது என்று தெரிந்தது. பின்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே" என்று கூப்பிட்டேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. வாழ்க்கையில் கத்தியறியாதவள், மூச்சை இழுத்துக்கொண்டு, "அண்ணே, நான் அந்த லிஃப்ட் படத்துக்கு அழுதேன்!" என்று கத்தவும், இயந்திரம் நிற்கவும் சரியாக இருந்தது.

கடை முழுக்கக் கேட்டது. கூலிங்கிளாஸ் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்ற?" என்று லென்ஸ் அண்ணன் வெளியே வந்தார்.

"அன்னிக்கு மிகைன்னு சொன்னது பொய்ண்ணே. நிறைய அழுதேன். எனக்குப் புடிச்சுது." புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது, அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்வது.

ஃபிரேம் அக்கா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பொண்ணு என்னமா நடிச்சிருந்துச்சு!"

"ஒரு ஆழம் இருந்துச்சுல்ல?" என்றார் மேலாளர். "நடுவுல நின்னுடுச்சுன்னு நான் சொன்னதே பாராட்டித்தான்."

பார்த்தீர்களா? இவர்களிடமிருந்துதான் நான் இரவல் வாங்கியிருந்தேன். அவர்களோ இத்தனை நாளும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

லென்ஸ் அண்ணன் அவர்களைக் கவனிக்கவில்லை. "அப்போ அது நல்ல படம்தானா, தங்கச்சி? உறுதியாச் சொல்றியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார், போனும் போட்டுவிடுவார். நாளைக்கு வேறு யாராவது வேறு ஏதாவது சொன்னால் வைத்தும் விடுவார்.

"நான் சொல்றது கிடக்கட்டும்ணே. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான். விடை தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது அன்றுதான். அண்ணன் கையிலிருந்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார். அதில் ஒரு கீறலும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த ஆளு கதவுல கைய வச்சுக்கிட்டே நிப்பார்ல" என்றார். "பொண்ணு உள்ள இருக்கு. இவரு கதவைத் தடவிக்கிட்டு நிக்கிறார். இரும்புக் கதவு. அதைப் போய்த் தடவி..."

அவ்வளவுதான் சொன்னார். அவர் மனைவி இருட்டறை வாசலுக்கு வந்திருந்தார், ஒரு கண்ணில் லென்ஸும் ஒரு கண்ணில் கறுப்பு வில்லையுமாக. அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அழுத்த வேண்டிய எண்ணை யோசிக்காமல் அழுத்தினார். இரண்டு வருடமாக அழைக்காத எண் விரலுக்கு எப்படித் தெரிந்திருந்ததோ!

"ஹலோ" என்றார். "நான்தான்" என்றார். நிஜ வாழ்க்கையில் யாராவது சினிமாவில்போல் பேசுவார்களா என்று கேட்டவள் நான். பேசவில்லைதான். அவருக்கு இருபது நிமிடமெல்லாம் தேவைப்படவில்லை.

"சாப்டியா?" என்றார்.

மணி பதினொன்றரை. காலைச் சாப்பாட்டுக்குத் தாமதம், மதியச் சாப்பாட்டுக்கு அவசரம். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி ஃபிரேமைக் கழற்றக்கூட இல்லை. அதற்குள்ளிருந்தே, யாரையும் கேட்காமல், தாராளமாக அழுதார்.

நாங்கள்? மேலாளர் ஃபிரேம் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மேலாளரைப் பார்த்தேன். அழலாமா கூடாதா என்று யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்தான் கெட்டிக்காரர். கழற்றிய கூலிங்கிளாஸைச் சத்தமில்லாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேனா என்கிறீர்களா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சொல்லத் தயங்குகிறீர்கள், புரிகிறது. இதைப் படிக்கும்போது ஓரிரண்டு இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். வந்திருந்தால், அதை வெளியே விடுவதற்கு முன் தலையைத் தூக்கி, அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தீர்களா இல்லையா? பார்த்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். நம் கூட்டம் மிகப் பெரியது. எவ்வளவு பெரியது என்பதை மட்டும் நம்மில் யாரும் முதலில் சொல்ல மாட்டோம்.